ரங்கூனில் பாதி பத்திரம்

மாலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடம். முதலில் கண்ணில் பட்டவை இரண்டு பாதங்கள்.

நான் குனிந்து கரும்பலகையின் கடைசி வரியை எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்ற பாதங்களில் ஒன்றுக்குச் செருப்பாக மோட்டார் டயர்த் துண்டு ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. மற்றதில் சாக்குத் துணி. பாதங்களுக்கு மேலே இருந்த ஆளை நான் பார்க்கவில்லை. பார்க்காமலே சொன்னேன்:

“கொஞ்சம் ஓரமா நில்லுப்பா. படிக்கிறவங்களுக்கு மறைக்குது.”

பிற்பாடு முப்பது வருஷம் பத்திரிகையில் வேலை பார்த்தேன். அடுத்தவர் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கினேன். ஆனால் நான் செய்ததிலேயே பெரிய தப்பு, எந்தப் பத்திரிகை ஆபீஸிலும் கால் வைப்பதற்கு முன்னால், இருபத்தோராவது வயதில், அரூர் வாசகசாலை வாசலில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதியது. அதைத்தான் இங்கே ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

நாற்பத்திரண்டாம் வருஷம், மாசி மாதம். சிங்கப்பூர் விழுந்திருந்தது. எங்கள் வாசகசாலைக்கு ஒரு கரி கண்டிராக்டர் ரேடியோப் பெட்டி ஒன்றைத் தானமாகக் கொடுத்திருந்தார். ஊரில் மின்சாரம் கிடையாது. பெட்டி ஓடியது மோட்டார் பாட்டரியில். சார்ஜ் தீர்ந்தால் பாட்டரியை பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்புவோம். அது திரும்பி வரும்வரை எங்களைப் பொறுத்தமட்டில் உலக யுத்தம் நின்றிருக்கும்.

அந்தப் பெட்டியின் முன்னால் நான் அடைந்த வியப்பை இன்று யாருக்கும் புரியவைக்க முடியாது. குமிழைத் திருகினால் முதலில் நீர்வீழ்ச்சி மாதிரி இரைச்சல். பிறகு அந்த இரைச்சலுக்குள்ளிருந்து, கிணற்றிலிருந்து வாளி மேலே வருவதுபோல, ஒரு மனிதக் குரல் மெல்ல மேலே வரும். லண்டன். கடல்களையும் பாலைவனங்களையும் கடந்து, நேராக அரூர்ச் சந்தைப்பேட்டைக்கு. அதற்கு முன் மணி அடிக்கும். அந்த மணி அடிக்கும்போது சிலர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன்.

சித்தேரி மலையிலிருந்து சாமை மூட்டையோடு இறங்கி வந்த ஒரு விவசாயி ஒருநாள் கேட்டார்: “அந்த ஊருல இப்போ என்ன பொழுதுங்க?”

“அங்கே இன்னும் மத்தியானம்.”

அவர் சாய்ந்துகொண்டிருந்த சூரியனை ஒருமுறை பார்த்தார். “அப்போ நாம பார்த்து முடிச்ச பொழுதைத்தான் அவங்க பாக்கறாங்க. நம்மளக் கேட்டாலே சேதி சொல்லிடுவோமுங்களே.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் பொறுப்பான பதவியில் இருந்தேன். ரேடியோவில் வரும் இங்கிலீஷ் செய்தியைக் கேட்டுத் தமிழில் பலகையில் எழுதுவது என் வேலை. (பத்து வார்த்தையில் ஆறு எனக்குப் புரியும். மற்ற நாலையும் நானே நிரப்பிக்கொள்வேன். இது அப்போது யாருக்கும் தெரியாது.)

குமிழை இன்னும் கொஞ்சம் திருகினால் சீனாவும் கிடைக்கும். சீன சர்க்கார் தலைநகரைச் சுங்கிங் என்ற மலையூருக்கு மாற்றியிருந்தது. அங்கிருந்து ஒரு பெண் இங்கிலீஷில் செய்தி வாசிப்பார். அவர் குரலுக்குப் பின்னால் அலை அடிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்கும். அது சீனக் கடல் என்று நான் ஊருக்கு விளக்கியிருந்தேன். (சுங்கிங்கில் கடல் கிடையாது.)

இரண்டு நிலையங்களையும் கேட்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. ஒரே சண்டை, ஒரே நாள், ஒரே கட்சி. ஆனால் செய்தி இரண்டு. லண்டன்காரர் குரலை உயர்த்த மாட்டார். சேதம் அற்பம், படைகள் திட்டமிட்டபடி வேறிடத்துக்கு நகர்ந்தன என்பார். சுங்கிங் பெண் எதையும் அற்பம் என்று சொல்ல மாட்டார். பகைவன் ஊரையே கொளுத்திவிட்டான், நாம் அவனை உள்ளே இழுத்து நொறுக்கிவிட்டோம் என்பார். சீனாவில் ஓர் ஊரே அழிந்தால் லண்டனில் அது இரண்டு வரி. லண்டன்காரர் கப்பல் ஒன்று முழுகினால் சுங்கிங்கில் அது மரியாதையான ஒரே ஒரு வரி. பின்வாங்கினோம் என்ற வார்த்தை மட்டும் இரண்டு நிலையத்திலும் கிடையாது. சுவரில் தொங்கிய உலகப் படத்தில் ஊசி குத்திப் பார்த்தேன். சுங்கிங் ஜெயித்த ஊர்கள் எல்லாம், அதற்கு முந்தி ஜெயித்த ஊர்களுக்குப் பின்னால் இருந்தன. லண்டன் நகர்ந்த இடங்களும் அப்படியே.

ஆக, இரண்டு பேரும் அவரவர் பக்கம் இழுக்கிறார்கள். உண்மையை எப்படி எடுப்பது?

இங்கேதான் என் குடும்பத் தொழில் குறுக்கே வந்தது. என் அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் விற்பவர் கையையும் வாங்குபவர் கையையும் மாறிமாறித் துண்டுக்குள் பிடித்து, விரலை அழுத்தியே விலை பேசுவார். அவர் ஒரு விலை சொல்வார், இவர் அதில் பாதி சொல்வார். அப்பா இரண்டுக்கும் நடுவில் ஒரு விலையில் நிறுத்துவார். இரண்டு பேரும் முனகிக்கொண்டே சம்மதிப்பார்கள். பிறந்ததிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதே முறையைச் செய்திக்கும் வைத்தேன். லண்டன் நாலு விமானம் விழுந்தது என்றால், சுங்கிங் இருபது என்றால், பலகையில் பன்னிரண்டு. லண்டன் ஊர் அமைதி என்றால், சுங்கிங் ஊர் சாம்பல் என்றால், பலகையில் ஊர் பாதி சாம்பல். பட்டணத்துப் பத்திரிகைகளுக்குக்கூடத் தோன்றாத யோசனை என்று ராத்தூக்கம் வராமல் பெருமைப்பட்டேன்.

ஊரும் நம்பியது. அதுதான் வினை.

சந்தைப்பேட்டையில் காதர் பாய் புளி மண்டி வைத்திருந்தார். அவர் மகள் ஜமீலாவுக்கு யூசுப் என்பவரோடு நிச்சயமாகியிருந்தது. தாய் தகப்பன் இல்லாத பையன். ரங்கூனில் சாச்சாவின் (சித்தப்பாவின்) துணிக்கடையில் இருந்தார். மார்கழியில் ரங்கூன்மேல் குண்டு விழுந்தது. அதிலிருந்து அவரிடமிருந்து கடிதம் இல்லை. தினமும் பாய் என் பலகை முன்னால் வந்து நிற்பார்.

“தம்பி, ரங்கூன் இருக்குதுங்களா?”

“பாதி இருக்குது பாய்.”

“கடை இருக்கற பக்கம்?”

இதற்கு லண்டனிலும் பதில் இல்லை, சுங்கிங்கிலும் இல்லை. நான் படத்தைப் பார்த்தேன். பகைவன் எந்தத் திசையிலிருந்து வந்திருப்பான், எது முதலில் எரிந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். (கணக்கிலும் தப்பு. பகைவன் கிழக்கிலிருந்துதான் வந்தான்.) “கடை எந்தப் பக்கம் பாய்?”

“கிழக்குப் பக்கம்னு எழுதியிருந்தாரு.”

“கிழக்குப் பாதி பத்திரம்.”

கடைகள் திறந்திருக்கின்றன, தபால் கப்பல் ஓடுகிறது என்று சேர்த்து அதையே பலகையிலும் எழுதிவிட்டு, நல்ல செய்தி சொன்ன திருப்தியோடு வீட்டுக்குப் போனேன். மறுநாள் பாயின் முகம் இருண்டிருந்தது. எனக்குக் காரணம் விளங்கவில்லை. அவரே சொன்னார்:

“கடை பத்திரமா இருக்குது. தபால் கப்பலும் ஓடுது. ரெண்டு மாசமா ஒரு கார்டு எழுதலைன்னா என்னங்க அர்த்தம்? பையனுக்கு இஷ்டமில்லைன்னுதானே?”

கிருஷ்ணகிரியிலிருந்து அவர் மைத்துனர் வந்து உட்கார்ந்துவிட்டார். தன் மகனுக்கு ஜமீலாவைக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். தினமும் என் பலகையை வந்து படித்துவிட்டு, சட்டசபைத் தீர்மானம் மாதிரி வீட்டில் போய் ஒப்பிப்பார். “பாத்தீங்களா மச்சான், கிழக்குப் பாதியில ஒரு கீறல்கூட இல்ல.”

ஊரே எரிந்தது என்றிருந்தால் யூசுப்பின் மௌனத்தை மன்னித்திருப்பார்கள். நான் காப்பாற்றிய அந்தப் பாதி ரங்கூன் அவர் கல்யாணத்தைக் கொளுத்திக்கொண்டிருந்தது.

ஒருநாள் பாய் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “தம்பி, பொண்ணு கேக்கச் சொல்லுச்சு. அந்தக் கடை எரிஞ்சிருக்க வழியே இல்லீங்களா?”

“ஏன் பாய்?”

“எரிஞ்சிருக்கணும்னு துவா பண்ணிக்கிட்டிருக்குதுங்க.”

இருபத்தோரு வயதில் எனக்கு இருந்த நிதானம் அலாதியானது. “செய்தியில் அப்படி இல்லை பாய்” என்றேன்.

மைத்துனர் நாள் குறித்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பழைய பேச்சை முறித்துப் புதுப் பேச்சு.

அதற்கு முந்தின மாலைதான் அந்தப் பாதங்கள் வந்து நின்றன.

ஓரமாக நிற்கச் சொன்னதும் அந்த ஆள் மறுபேச்சில்லாமல் நகர்ந்தார். எலும்பின்மேல் தோலை இழுத்துப் போர்த்திய மாதிரி உடம்பு. தாடி. யாரோ பெரிய உடம்புக்காரர் கொடுத்த சட்டை. சந்தைக்கு வரும் பிச்சைக்காரர் என்றுதான் நினைத்தேன். அவர் பலகையை எழுத்துக் கூட்டி, மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு கேட்டார்:

“இது யாருங்க எழுதினது?”

“நான்தான்.”

“ரங்கூன்ல கிழக்குப் பாதி பத்திரம், கடைங்க தொறந்திருக்குதுன்னு போட்டிருக்குதுங்களே. யாருங்க தொறந்திருக்காங்க?”

சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். கேள்வி என் தொழில் திறமையைப் பற்றியது. நான் சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்த மனிதருக்கு உலகச் செய்தி நிலையங்களின் பாரபட்சத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன். வெள்ளைக்காரன் செய்தி எப்படிச் சேதத்தைச் சுருக்கும், சீனாக்காரன் செய்தி எப்படி வெற்றியைப் பெருக்கும், இரண்டையும் தராசில் வைத்து நடுவில் உண்மையை எடுக்க எப்படி ஒரு தனி மூளை வேண்டும் என்று விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார். நடுவில் ஒருதரம், “உக்காந்து கேக்கலாமுங்களா?” என்றார். தாராளமாக அனுமதித்தேன்.

நான் முடித்ததும் தாழ்ந்த குரலில் சொன்னார்: “நான் பொறப்பட்டப்பவே அந்தப் பக்கமெல்லாம் எரிஞ்சிட்டிருந்ததுங்க.”

என் வாழ்நாளில் நான் பேசிய எல்லா வாக்கியங்களையும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை கிடைத்தால், முதலில் வாங்குவது இதுதான்:

“நீ ஒரு தெருவைப் பாத்திருப்பே. என்கிட்ட ரெண்டு சர்க்கார் சேதி இருக்குது.”

கூட்டம் சிரித்தது. சவரக்கடை சின்னான் அந்த ஆளைக் காட்டி, “அய்யா ரங்கூனைக் கையிலயே கொண்டாந்துட்டாருடோய்” என்றான். அந்த மனிதரும் லேசாகச் சிரித்தார்.

“படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்குமுங்க. காதர் பாய் மண்டி எந்தப் பக்கங்க? நான் ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கேன்.”

“பாய்கிட்ட உனக்கென்ன வேலை?”

“என் பேரு யூசுப்புங்க.”

ரேடியோவில் சுங்கிங் பெண் ஏதோ ஒரு வெற்றியைச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ போய்க் குமிழைத் திருகி அதை அணைத்தார்கள். எனக்கு அது தோன்றவில்லை. நான் அந்தச் சாக்குத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எப்படிங்க வந்தீங்க?” என்று சின்னான் கேட்டான். அவன் குரலிலேயே ‘ங்க’ வந்துவிட்டது.

“நடந்துதாங்க. மலை தாண்டி, அப்புறம் ஒரு படகு. சிட்டகாங்கிலிருந்து ரயில் ஏத்திவிட்டாங்க. மொரப்பூர்ல எறங்கினேன், பஸ் போயிட்டுது. பக்கம்தானேன்னு நடந்தேன். வழியில பஸ்ஸை நிறுத்திக் கரி போட்டுட்டிருந்தாங்க. நான் முன்னாடி வந்துட்டேனுங்க.”

பெட்ரோல் கிடைக்காத அந்த யுத்தகாலத்தில் கரிப்புகையில் ஓடிய அந்த பஸ்ஸில்தான் பட்டணத்துப் பத்திரிகைக் கட்டு இருந்தது. அன்று செய்தி பத்திரிகையை முந்திக்கொண்டு கால்நடையாக வந்திருந்தது. அதை நான் ஓரமாக நிற்கச் சொல்லியிருந்தேன்.

காதர் பாய் ஓடி வந்தார். பின்னாலேயே மைத்துனர். பாய் அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். நிச்சயத்தன்று அவர் பார்த்த யூசுப் கன்னம் உப்பிய ஆள். பாயின் கண்ணில் சந்தேகம் தெரிந்ததும் மைத்துனர் முந்திக்கொண்டார்.

“யாரு வேணும்னாலும் யூசுப்னு சொல்லலாம் மச்சான். பலகையைப் பாருங்க. கப்பல் ஓடுது, கடை தொறந்திருக்குது. அவன் வர்றதா இருந்தா டிக்கெட் எடுத்து, சட்டைத்துணி போட்டுக்கிட்டு வருவான். இப்படியா வருவான்?”

எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். என் கையெழுத்து அழகாக இருந்தது. யூசுப்பும் பார்த்தார். தன்னைவிட அதற்கு மரியாதை அதிகம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது போலிருந்தது.

பாய் என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நான் ஏத்துக்கறேன். அங்க கடை தொறந்திருக்குதா, இல்லியா?”

அரை நிமிடம் தயங்கினேன். ஒரு மனிதரின் கல்யாணம் ஒரு பக்கம், என் பலகையின் பெயர் ஒரு பக்கம். அதில் தயங்க அரை நிமிடம் எடுத்துக்கொண்டவன் நான் என்பதை எழுதித்தான் ஆகவேண்டும்.

“எனக்குத் தெரியாதுங்க பாய்.”

“தெரியாதுன்னா?”

“லண்டனும் சொல்லலை, சுங்கிங்கும் சொல்லலை. ரெண்டுக்கும் நடுவுல நானா எழுதினேன்.”

சின்னான்தான் முதலில் வாயைத் திறந்தான். “அப்போ இத்தனை நாளா நாங்க படிச்சது?”

“பாதிதான் நிஜம்.”

“எந்தப் பாதி?”

தோள் துண்டை எடுத்துப் பலகையைத் துடைத்தேன். ஈரமில்லாத துண்டு. ‘பத்திரம்’ என்ற சொல் மட்டும் மங்கலாக நின்றது.

இதற்குள் என் அப்பா வந்துவிட்டார். நடந்ததை யாரோ சொல்லியிருந்தார்கள். என்னை அவர் பார்க்கவே இல்லை. நேராக யூசுப் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். “கோச்சுக்காதீங்க தம்பி” என்று சொல்லி, டயர்த் துண்டை அவிழ்த்தார். சாக்கைப் பிரித்தார். உள்ளங்காலைத் திருப்பி வெளிச்சத்துக்குக் காட்டி, விரலால் மெல்லத் தடவினார். சந்தையில் அவர் எத்தனையோ குளம்புகளைப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு பாயிடம் சொன்னார்: “இந்தக் காலு பொய் சொல்லாதுங்க பாய். இது கப்பல்ல வந்த காலு இல்ல. மலை ஏறி எறங்கின காலு.”

காதர் பாய் தரையில் உட்கார்ந்துவிட்டார். மைத்துனர் கடைசி பஸ் எப்போது என்று விசாரித்துக்கொண்டு நகர்ந்தார்.

அப்புறம்தான் அப்பா என் பக்கம் திரும்பினார்.

“ஏன்டா, நான் நடுவுல வெலை பேசறதைத்தானே பாத்தே? துண்டைப் போடறதுக்கு முன்னாடி மாட்டோட பல்லைப் புடிச்சுப் பாப்பேனே, அதைப் பாக்கலியா? நீ எந்த மாட்டுப் பல்லைடா பாத்தே?”

வீட்டில் தகவல் சொன்னபோது ஜமீலா முதலில் கேட்டது, கடை எரிந்துவிட்டதா என்றுதானாம். எரிந்துவிட்டது என்றதும் அழுததாம். பாயின் மனைவி என் அம்மாவிடம் சொன்னது இது.

மறுநாள் உலகப் படத்தின் முன்னால் போய் நின்றேன். ரங்கூனிலிருந்து அந்த மலைகளைத் தாண்டிக் கடற்கரைக்கு என் கட்டைவிரல் அகலம்கூட இல்லை. அந்த இடத்தில் படம் அச்சிட்டவர் ஊர்ப்பெயர் எதுவும் போடவில்லை. வெறும் பழுப்பு நிறம். லண்டனும் சுங்கிங்கும் எத்தனையோ ஊர்களைச் சொல்லின. அந்தப் பழுப்பு நிறத்தில் ஆட்கள் நடந்துகொண்டிருக்கிறார்கள் என்று நான் கேட்டவரை இரண்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், எனக்குப் புரியாத அந்த நாலு வார்த்தையில் போயிருக்கலாம். ரேடியோவைக் கேட்டபோது வந்த வியப்பெல்லாம் ஒரு வியப்பே இல்லை என்று அன்று தோன்றியது.

கல்யாணம் பங்குனியில் நடந்தது. பந்தியில் எனக்கு மட்டும் பிரியாணியைப் பாதித் தட்டில் வைத்துவிட்டுப் பரிமாறுகிறவர் போய்விட்டார். கேட்டதற்கு, “கிழக்குப் பாதி போதும்னு மாப்பிள்ளை சொன்னாருங்க” என்றார். மாப்பிள்ளை தூரத்தில் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஊரில் என் பெயர் அன்றோடு மாறியது. சந்தைப்பேட்டையில் என் பெயரைச் சொல்லி வீடு கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘பாதிச் சேதி வூடு’ என்றால் கொண்டுவந்து விடுவார்கள். என் மனைவிக்கு இந்தக் கதை தாலி ஏறுவதற்கு முன்பே தெரியும். நான் ஆபீஸிலிருந்து வந்து எதைச் சொன்னாலும், “இது முழுசுங்களா, பாதிங்களா?” என்பாள். பேரப்பிள்ளைகள் மிட்டாய்க்குச் சண்டை போட்டால், “தாத்தாகிட்டப் போவாதீங்க, பாக்காமயே பிரிச்சிடுவாரு” என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள்.

பத்திரிகையில் சேர்ந்த பிறகு ஒருதரம், நடந்து வந்ததை எழுதலாமா என்று யூசுப்பைக் கேட்டேன். அவர் யோசித்தார். எழுதுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்றார். வற்புறுத்தியதும் கொஞ்சம் சொன்னார். நான் குறித்துக்கொண்டேன். அவர் சொன்னதை அவரிடமே மறுபடி படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டுக்கொண்டேன்.

ரங்கூனிலிருந்து அவரோடு சேர்த்துப் புறப்பட்டவர்கள் பதினொரு பேர். மலை தாண்டிப் படகில் ஏறியவர்கள் இரண்டு பேர்.